ஈறு நோயும் சோம்பேறிப் பட்டமும்

ஈறில் ரத்தம் கசிகிறது, பல் ஆடுகிறது என்று பல் மருத்துவரிடம் போகிறவர் வாயைத் திறப்பதற்கு முன்பே தீர்ப்பு தயாராக இருக்கிறது. "ராத்திரி பல் விளக்குற பழக்கம் உண்டா?" என்று ஒரு கேள்வி. "இல்லீங்க டாக்டர்" என்று தலையைக் குனிந்தபடி ஒரு பதில். "அதான்!" வழக்கு முடிந்தது. க்ளீனிங் செய்து, பேஸ்ட் எழுதிக் கொடுத்து, பிரஷ்ஷை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். அவர் எத்தனை மாதமாக இரவு ஷிப்டில் இருக்கிறார், கடன் கழுத்தை நெரிக்கிறதா, கடைசியாக நிம்மதியாகத் தூங்கியது எப்போது என்று யாரும் விசாரிப்பதில்லை. விசாரித்தால், "அதுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?" என்று நோயாளியே திருப்பிக் கேட்பார். அந்த அளவுக்கு ஊறிப்போன நம்பிக்கை இது: ஈறு நோய் அழுக்கு வாயின் நோய், அழுக்கு வாய் சோம்பேறியின் வாய்.

உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வாய்நல அறிக்கையின்படி, கடுமையான ஈறு நோய் உள்ளவர்கள் உலகில் 100 கோடிக்கும் மேல். இத்தனை பேரும் சோம்பேறிகள்தானா?

பல் விளக்குவது வீண் வேலை என்று நான் சொல்ல வரவில்லை. பல்லின் மேல் படியும் கிருமிப் படலம் இல்லாமல் இந்த நோய் தொடங்காது. ஆனால், தொடங்கிய நோய் யாரிடம் எலும்பு வரை இறங்குகிறது, யாரிடம் மேலோடு நின்றுவிடுகிறது என்பதை அந்தப் படலம் மட்டும் தீர்மானிப்பதில்லை. உடம்பும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. அந்த உடம்பை மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீளும் மன அழுத்தம் மாற்றிவிடுகிறது. இதைக் கணக்கில் எடுக்காத ஈறு சிகிச்சை அரைகுறைச் சிகிச்சை. நோயாளியின் தலையில் சோம்பேறிப் பட்டத்தைக் கட்டுவது அறிவியலும் அல்ல, நியாயமும் அல்ல.

எதிர்த்தரப்பின் மிக வலுவான ஆதாரத்திலிருந்தே தொடங்குவோம். 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஒரு எளிய சோதனை செய்தார்கள். ஈறு நலமாக இருந்த 12 பேர், பெரும்பாலும் பல் மருத்துவ மாணவர்கள், பல் விளக்குவதை அடியோடு நிறுத்தினார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு சிவந்து வீங்கியது. மறுபடி விளக்கத் தொடங்கியதும் சுமார் ஒரு வாரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. படலம் சேர்ந்தால் நோய், நீங்கினால் நலம். பல் மருத்துவத்தில் இவ்வளவு தெளிவான சோதனைகள் குறைவு. இன்றைக்கு நாம் கேட்கும் "அதான்!" என்ற தீர்ப்பின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆனால் அந்தச் சோதனை காட்டியது ஈறு அழற்சியை மட்டும். அது வந்தாலும் திரும்பிப் போகக்கூடியது. பல்லை விழவைப்பது அதற்கு அடுத்த கட்டம்: பல்லைத் தாங்கும் எலும்பு கரைவது. கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வளராது. முதல் கட்டத்திலிருந்து இரண்டாம் கட்டத்துக்கு எல்லோரும் போகிறார்களா? மூன்று வார ஆய்வு இதற்குப் பதில் சொல்ல முடியாது. பதிலைத் தேடி அதே லோ வந்து சேர்ந்த இடம் இலங்கை மலையகம்.

1970இல் அங்கே தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் 480 பேர், 14 முதல் 31 வயது வரையிலான ஆண்கள், ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். பிரஷ் பழக்கம் இல்லை. பல் மருத்துவர் எட்டிப்பார்த்ததும் இல்லை. பல்லில் படலமும் காரையும் ஏராளம். ஈறு அழற்சி இல்லாதவர் என்று அநேகமாக ஒருவரும் இல்லை. பல் விளக்காததுதான் முழுக் காரணம் என்றால், 15 ஆண்டுகளில் இவர்கள் எல்லோருடைய வாயும் ஒரே மாதிரி பாழாகியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. 1986இல் வெளியான முடிவின்படி சுமார் 8 சதவீதத்தினருக்கு நோய் மளமளவென்று முற்றியது; 81 சதவீதத்தினருக்கு மிதமாக வளர்ந்தது; 11 சதவீதத்தினருக்கு ஈறு அழற்சியைத் தாண்டி ஒன்றும் ஆகவில்லை. ஒரே வேலை, ஒரே மாதிரியான உணவு, ஒரே மாதிரி விளக்காத பற்கள். ஆனால் கதி மூன்று வகை.

பல் விளக்காமலேயே 15 ஆண்டு எலும்பு கரையாமல் இருந்த அந்த 11 சதவீதத்தினருக்கு, "அதான்!" என்று சொல்கிறவர்கள் என்ன விளக்கம் தருவார்கள்?

லோவின் ஆய்வு மன அழுத்தத்தை அளக்கவில்லை. எனவே, வேகமாகப் பல்லை இழந்தவர்கள் அழுத்தத்தால்தான் இழந்தார்கள் என்று அதை வைத்து வாதாட முடியாது. நான் வாதாடவும் மாட்டேன். மரபணு உட்பட வேறு பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் ஆய்வு நடந்த அந்த ஆண்டுகள் எப்படிப்பட்டவை என்று மலையகத்தாருக்குத் தெரியும். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு யார் இலங்கை நாட்டவர், யார் இந்தியாவுக்குக் கப்பலேற வேண்டியவர் என்பது ஆயிரக்கணக்கான குடும்பங்களில் முடிவாகாமல் தொங்கியது. 1970களின் முதற்பாதியில் தோட்டங்களில் பட்டினி நிலவியது. ஈறின் ஆழத்தை மில்லிமீட்டர் சுத்தமாகக் குறித்த ஏட்டில் இந்த வாழ்வைக் குறிக்க ஒரு கட்டம் இல்லை. குறை லோ ஒருவருடையது அல்ல. பல்லைப் பார்க்கும்போது ஆளைப் பார்க்காத பழக்கம் அந்தத் துறையையே பிடித்திருந்தது, இன்றும் விடவில்லை.

எலும்பைக் கரைப்பது யார் என்று சற்று நெருங்கிப் பார்த்தால் விஷயம் துலங்கும். பல்லும் ஈறும் சேரும் ஓரத்தில் ஒரு நுண்ணிய பள்ளம் இருக்கிறது. நலமான வாயில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர். அளவுக்கோடு போட்ட ஒரு மெல்லிய கம்பியை அதில் இறக்கி, ஒரு பல்லுக்கு ஆறு இடம் என்று மருத்துவர் அளந்துகொண்டே போவார். உதவியாளர் எண்களைக் குறித்துக்கொள்வார். இரண்டு, மூன்று, இரண்டு என்று வரும் வரை கவலையில்லை. ஐந்து, ஆறு என்று எண் ஏறினால் ஈறு பல்லை விட்டுப் பிரிந்து பையாகிவிட்டது என்று பொருள். அந்தப் பள்ளத்துக்குள் ரத்தக் குழாய்களிலிருந்து வெள்ளணுக்கள் ஓயாமல் வந்துகொண்டே இருக்கின்றன. எவ்வளவு சுத்தமான வாயிலும் இந்தக் காவல் நிற்பதில்லை. காவல் அளவோடு இருந்தால் கிருமி எல்லையில் நிற்கும். அளவு தவறினால் வெள்ளணுக்கள் கக்கும் நொதிகள் ஈறின் நாரையே அறுக்கின்றன. அழற்சிச் செய்தி எலும்பு வரை எட்டி, எலும்பைத் தின்னும் நம் சொந்த அணுக்களை வேலைக்கு இறக்கிவிடுகிறது. தீயணைக்கப் பீய்ச்சிய தண்ணீரே சுவரைச் சாய்ப்பது மாதிரி. கிருமி தொடக்கி வைக்கிறது. இடிப்பில் பெரும்பங்கு நம் உடம்பே செய்வது.

அப்படியானால் அந்தத் தற்காப்பை எது தடம் மாற்றுகிறதோ அது ஈறு நோயின் கதையில் இருந்தே தீர வேண்டும். சர்க்கரை நோய் மாற்றுகிறது, எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். புகையிலை மாற்றுகிறது, அதிலும் சண்டையில்லை. மன அழுத்தம் என்று சொன்னால் மட்டும் புருவம் உயர்கிறது. "அது மனசு சமாச்சாரம்." மனசு என்பது உடம்புக்கு வெளியே எங்கேயோ தொங்கிக்கொண்டிருப்பது போல! மூளையின் ஹைப்போதாலமஸ் பிட்யூட்டரியைத் தூண்ட, அது சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினலைத் தூண்ட, ரத்தத்தில் கார்டிசால் ஏறுகிறது. இது பாடப்புத்தக உடலியல். வெள்ளணுக்களுக்குக் கார்டிசாலை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. அந்த வெள்ளணுக்கள்தான் ஈறிலும் காவல் காக்கின்றன.

வாய்க்குள்ளேயே இதை நேரடியாகச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசரும் பிலிப் மருச்சாவும் செய்து 1998இல் வெளியிட்ட ஆய்வு அது. 11 பல் மருத்துவ மாணவர்களின் மேலண்ணத்தில் 3.5 மில்லிமீட்டர் அளவுக்கு வட்டமாக ஒரு சிறு காயம் போட்டார்கள், கோடை விடுமுறையில் ஒரு முறை. பெரிய தேர்வுக்கு மூன்று நாள் முன்பு, அண்ணத்தின் மறுபக்கம் அதே அளவில் இன்னொரு முறை. தினமும் காயத்தைப் படமெடுத்து அளந்தார்கள். தேர்வு நேரத்துக் காயம் ஆறச் சராசரியாக மூன்று நாள் கூடுதலாகப் பிடித்தது; அதாவது 40 சதவீதம் மெதுவாக ஆறியது. விடுமுறையில் ஆறிய வேகத்தில் தேர்வு நேரத்தில் ஆறியவர் ஒருவர்கூட இல்லை. அதே ஆள், அதே வாய், அதே அளவுக் காயம். மாறியது காலம் மட்டும்.

ஜெர்மனியில் ரெனாட்டே டைன்ட்சரின் குழு இன்னும் ஒரு படி மேலே போனது. மருத்துவ மாணவர்களின் வாயில் ஒரு பகுதியை மூன்று வாரம் விளக்காமல் விடச் செய்து, மறுபகுதியைச் சுத்தமாக வைத்திருக்கச் செய்தார்கள். பிறகு ஈற்றுப் பள்ளத்தில் ஊறும் திரவத்தை எடுத்துச் சோதித்தார்கள். தேர்வு நெருக்கடியில் இருந்தவர்களுக்கு, தேர்வில்லாதவர்களைவிட, இன்டர்லூகின்-1 பீட்டா என்ற அழற்சிப் பொருள் அதிகம். விளக்காத பகுதியில் மட்டுமல்ல, சுத்தமாக வைத்திருந்த பகுதியிலும் அதிகம். அழுத்தம் பிரஷ்ஷை மறக்கவைப்பதால் மட்டுமே ஈறைத் தாக்குகிறது என்பவர்கள் இந்தக் கடைசி வாக்கியத்தை இரண்டாம் முறை படிக்கலாம்.

கூர்மையான வாசகர் இங்கே ஒரு முரணைப் பிடிப்பார். ஒஹாயோ ஆய்வில் தேர்வு நேரத்தில் இதே இன்டர்லூகின்-1 உற்பத்திக்கான செய்தி 68 சதவீதம் குறைந்தது. ஜெர்மனியில் அளவு கூடியது. இரண்டும் எப்படி உண்மையாகும்? புதுக் காயம் ஆற, உடம்பு முதலில் உரக்கக் கூவ வேண்டும். கார்டிசால் அந்தக் குரலை அமுக்குகிறது. கிருமி நிரந்தரமாகக் குடியிருக்கும் ஈறிலோ தேவை வேறு: கூவல் எழுந்த பிறகு நேரத்தில் அடங்க வேண்டும். ஷெல்டன் கோஹனின் குழு 2012இல் காட்டியது இதற்குப் பொருந்துகிறது. நீண்ட நாள் அழுத்தத்தில் இருந்தவர்களின் நோய் எதிர்ப்பு அணுக்கள் கார்டிசாலின் கட்டளைக்குச் செவிசாய்ப்பது குறைந்துபோகிறது. அழற்சி அடங்க மறுக்கிறது. "டென்ஷனால எதிர்ப்புச் சக்தி குறையுது" என்ற பொதுப்பேச்சும் இந்த வகையில் தவறு. சக்தி குறைவதில்லை, எழ வேண்டிய நேரத்தில் எழாமலும் அடங்க வேண்டிய நேரத்தில் அடங்காமலும் தாளம் தப்புகிறது.

அடுத்த மறுப்பு இப்படி வரும்: "தேர்வு எழுதும் பிள்ளைகளை விடுங்கள். கவலையில் இருப்பவன் பல் விளக்க மாட்டான், பீடி பிடிப்பான், ஹான்ஸ் போடுவான், கண்டதைத் தின்பான். ஈறு கெடுவது அதனால்." இதில் உண்மை உண்டு. ஆனால் இது யாருக்குச் சாதகம்? அழுத்தம்தான் அந்தப் பழக்கங்களுக்குள் தள்ளுகிறது என்றால், அதுவும் அழுத்தம் ஈறுக்குப் போகும் இன்னொரு பாதைதானே? பழக்கத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, அதை வளர்த்த சூழலை விட்டுவிடுவது, பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்ற கதை.

பழக்கங்களைக் கழித்த பிறகும் மிச்சம் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரம் இருக்கும் ஈரி கவுண்டியில் ராபர்ட் ஜென்கோ குழுவினர் 25 முதல் 74 வயது வரையிலான 1,426 பேரைச் சோதித்து 1999இல் முடிவை வெளியிட்டார்கள். பணக் கஷ்டத்தில் உழன்றவர்களுக்கு ஈறு பிரிவதும் எலும்பு கரைவதும் அதிகம். வயது, பாலினம், புகைப்பழக்கம் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. குறிப்பாக, கஷ்டத்தை எதிர்கொள்ள வழியில்லாமல் உள்ளுக்குள் புழுங்கியவர்களுக்கு ஈறு பிரியும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. பணக் கஷ்டம் இருந்தும் பிரச்சினையைக் கையில் எடுத்துச் சமாளித்தவர்களின் ஈறு, கஷ்டமே இல்லாதவர்களின் ஈறுக்குச் சமமாக இருந்தது.

"பல் ஆடினால் யாருக்குத்தான் கவலை வராது? நோயிலிருந்து அழுத்தம் வந்ததா, அழுத்தத்திலிருந்து நோய் வந்ததா?" நியாயமான கேள்வி. ஒரே நேரத்தில் எடுத்த கணக்கெடுப்பு இதைப் பிரித்துச் சொல்லாது. ஆனால் எலிக்குக் கடன் கவலை கிடையாது, பிரஷ்ஷும் கிடையாது. நார்வேயில் டோர்பியோர்ன் ப்ரைவிக் குழுவினர் எலிகளின் கடைவாய்ப் பல்லைச் சுற்றி நூல் கட்டி ஈறு நோயை உண்டாக்கினார்கள். அழுத்தத்துக்குக் கார்டிசால் வகை ஹார்மோனை அதிகம் சுரக்கும் இன எலிகளுக்கு, குறைவாகச் சுரக்கும் இன எலிகளைவிட நோய் அதிகம் முற்றியது. எலி மனிதன் அல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பழக்கம்தான் எல்லாம் என்ற வாதத்துக்கு இங்கே நுழைய இடமில்லை.

இனி, பெரிய ஆயுதம்: "உலக அளவிலான வகைப்பாட்டிலேயே மன அழுத்தம் இல்லையே!" 2017 நவம்பரில் அமெரிக்க, ஐரோப்பிய ஈறு மருத்துவ அமைப்புகள் சிகாகோவில் கூடி வகுத்து 2018இல் வெளியிட்ட வகைப்பாட்டில், நோயின் வேகத்தைக் கூட்டிக் குறிக்க இரண்டு காரணிகளுக்கே எண் கொடுத்திருக்கிறார்கள்: ஒரு நாளைக்கு 10 சிகரெட்டும் அதற்கு மேலும், மூன்று மாதச் சர்க்கரை அளவு 7 சதவீதமும் அதற்கு மேலும். அழுத்தத்துக்கு எண் இல்லை. உண்மை. ஏன் இல்லை? சிகரெட்டை எண்ணலாம், சர்க்கரையை ரத்தத்தில் அளக்கலாம், கடன்காரன் வாசலில் நிற்பதை எந்தச் சோதனைக் குழாயில் அளப்பது? அளக்க எளிதானதெல்லாம் காரணம், அளக்கக் கடினமானதெல்லாம் கற்பனை என்று ஆகிவிடாது. ஆய்வுகள் முரண்படுகின்றன என்பதும் மெய்தான். 1990 முதல் 2006 வரை வந்த 14 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு தொகுப்பில், 8 ஆய்வுகள் தொடர்பு உண்டு என்றன, 4 ஓரளவு உண்டு என்றன, 2 இல்லை என்றன. கேள்வியை மூடிவிட இது போதாது. கேள்வியே கேட்காமலிருக்க இது சாக்கும் ஆகாது.

மேலும், அதே வகைப்பாட்டில் இன்னொரு பக்கத்தைப் புரட்டினால் மன அழுத்தம் பெயரோடு இருக்கிறது. ஈறின் நுனி அழுகி, தாங்க முடியாத வலியும் நாற்றமும் வரும் நசிவு வகை ஈறு நோய்க்கு வழிகோலுபவற்றில் அதுவும் ஒன்று. முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் கிடந்த சிப்பாய்களிடம் இந்த நோய் கூட்டங்கூட்டமாக வந்தது; அதனால் "பதுங்குகுழி வாய்" என்றே பெயர் பெற்றது. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதாக முதலில் நம்பினார்கள். பிறகுதான் தெரிந்தது: பரவியது கிருமி அல்ல; பயமும் தூக்கமின்மையும் புகையும் அரைவயிறும் எல்லோருக்கும் பொதுவாக இருந்தன. போர்முனைச் சிப்பாயின் ஈறில் அழுத்தம் வேலை செய்யும் என்று ஒப்புக்கொள்கிறவர்கள், பத்து ஆண்டாகத் தவணை கட்டி மாள்கிறவரின் ஈறில் மட்டும் அது கைகட்டி நிற்கும் என்று எப்படி நம்புகிறார்கள்?

இந்த இடத்தில் எனக்கு வேண்டாத ஆதரவாளர்கள் சிலரும் வந்து சேர்வார்கள். "நாங்க அப்பவே சொன்னோமே! தினமும் பத்து நிமிஷம் கண்ணை மூடி உட்காருங்க, ஈறு தானா கெட்டியாகும்." அவர்களுக்கும் இது மறுப்புதான். இறுகிப்போன காரையை மூச்சுப்பயிற்சி பெயர்க்காது. அதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். இன்னொன்று, மன அழுத்தத்தைத் தனிமனிதரின் மனக்கோளாறாகச் சுருக்குவதும் பழைய சோம்பேறிப் பட்டத்தின் மறுபதிப்புதான். நேற்று "நீ ஒழுங்கா விளக்கல" என்றார்கள். இன்று "நீ மனசை ஒழுங்கா வச்சுக்கல" என்கிறார்கள். ஜென்கோ அளந்தது பணக் கஷ்டத்தை. 1992இல் பிரேசிலின் பெலோ ஒரிசோன்ட்சியில் மார்செனிசும் ஷெய்ஹாமும் தொழிலாளர்களிடம் ஈறின் நிலையோடு பொருத்திப் பார்த்தது வேலை கேட்கும் மன உழைப்பை. சம்பளமும் ஷிப்டும் கடனும் தியான வகுப்பில் தீர்கிற விஷயங்கள் அல்ல.

"அதான்!" என்ற தீர்ப்பு இவ்வளவு நாள் நிலைத்திருக்கக் காரணம் அதன் வசதி. பேஸ்ட் விற்பவருக்கு அது விளம்பரம். வரிசையில் இருபது பேர் காத்திருக்கும் மருத்துவருக்கு அது நேர மிச்சம். நஷ்டம் நோயாளிக்கு மட்டும். திட்டு வாங்கியவர் வெட்கத்தில் அடுத்த முறை வர மாட்டார்; பல் கையோடு வரும்போதுதான் வருவார். ஒழுங்காக இரண்டு வேளை விளக்கியும் ஈறு கரைகிறவர் பாடு இன்னும் மோசம். தான் சொல்வதை யாரும் நம்புவதில்லை என்று, வலிக்க வலிக்க அழுத்தித் தேய்த்து ஈறை இன்னும் கீழிறக்கிக்கொள்வார்.

மாற்று ஒன்றும் மலையைப் பெயர்க்கிற காரியம் அல்ல. சர்க்கரை உண்டா, புகை உண்டா என்று கேட்கும் அதே தாளில் இன்னும் மூன்று கேள்விகள்: தூக்கம் எப்படி, வேலை நேரம் என்ன, கடந்த ஓராண்டில் பெரிய இழப்போ பண நெருக்கடியோ உண்டா. ஆம் என்றால், ஆறு மாதம் கழித்து வரச் சொல்வதற்குப் பதில் மூன்று மாதத்தில் வரச் சொல்லலாம். அவசரமில்லாத ஈறு அறுவையைத் தேர்வு வாரத்திலோ வீட்டில் துக்கம் நடந்த மாதத்திலோ வைக்காமல் தள்ளிப்போடலாம். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவரின் வாய் அதனால் வறண்டிருக்கிறதா என்று பார்க்கலாம். புகையிலை போடுகிறவருக்கு நிக்கோட்டின் ரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் கசிவு குறைவாகத் தெரியும் என்பதைச் சொல்லி, "ரத்தம் வரலியே" என்ற அவருடைய நிம்மதியைக் கலைக்கலாம். மனச்சுமை கட்டுக்கு மீறியிருந்தால் அதற்குரிய மருத்துவரிடம் அனுப்பலாம். பிரஷ், க்ளீனிங், பல்லிடுக்கைச் சுத்தம் செய்வது எதுவும் இதனால் குறையப் போவதில்லை. சொல்லப்போனால், திட்டுக்குப் பதில் கேள்வி கேட்கப்பட்டவர்தான் வீட்டுக்குப் போய் பிரஷ்ஷை எடுப்பார்.

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் "ஒழுங்கா விளக்கியிருந்தா இது வந்திருக்காது" என்று சொல்லலாம். பல சமயம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதைச் சொல்லும் உரிமை, நோயாளியின் தூக்கத்தையும் வேலையையும் கடனையும் கேட்டறிந்தவருக்குத்தான் உண்டு. கேட்காதவர் சொல்வது ஊகம். அந்த ஊகத்தை மருத்துவத் தீர்ப்பு என்று ஏற்றுக்கொண்டு நோயாளி தலைகுனிய வேண்டிய அவசியம் இல்லை.